மக்காச்சோளத்துக்கு மாறிய மலைச்சரிவு மெலிகிறது, மேல்காட்டையும் வெட்டலாமா?

வந்த கடிதம்

மியான்மரின் தென் ஷான் மாநிலத்தில், ஆங்பானுக்குப் பக்கத்து மலைக்கிராமம் ஒன்றிலிருந்து 54 வயது அம்மா ஒருவர் எழுதியிருக்கிறார். ரயில்வேயில் வேலை பார்த்த அவருடைய மாமனார் சேர்த்த நிலம் ஐந்தரை ஏக்கர். அடியில் ஒரு ஏக்கர் சமதரை. நடுவில் மூன்று ஏக்கர் சரிவு. உச்சியில் ஒன்றரை ஏக்கர் மரமும் புதருமாக இருக்கிறது. மாமனார் காலத்தில் நடுச்சரிவில் இரண்டு வருடம் மலைநெல் போட்டு, ஆறேழு வருடம் சும்மா விட்டுவிடுவார்களாம். ஓரங்களில் சுருட்டுக்கு உறையாகும் தனப்பே இலை மரங்கள் இருந்தன.

கணவர் இறந்தபிறகு நிலத்தைக் கொழுந்தனார் பார்த்துக்கொள்கிறார். எட்டு வருடமாக மூன்று ஏக்கரிலும் இடைவெளி விடாமல் வீரிய மக்காச்சோளம்தான். தனப்பே மரங்களையும் வெட்டியாயிற்று. விதையும் உரமும் தரகர் கடனாகக் கொடுக்கிறார், வட்டி மாதம் நூற்றுக்கு நான்கு. முதல் வருடம் ஏக்கருக்கு ஆயிரம் வீசை கிடைத்தது, இப்போது ஐந்நூற்றைம்பது. யூரியாவும் ஏக்கருக்கு ஒரு மூட்டையிலிருந்து மூன்று மூட்டையாகிவிட்டது. சரிவின் நடுவே இடுப்பளவு ஓடை அறுத்திருக்கிறது. கீழ்வயல்காரர் தன் நெல்வயலில் மணல் மூடிவிட்டதாகச் சண்டைக்கு வருகிறார். மேல்காட்டை அழித்தால் "புது மண்" கிடைக்கும் என்கிறார் தரகர். யாங்கோனில் வேலை பார்க்கும் மகன், முழுவதும் அவகாடோ நட்டுவிடலாம் என்கிறான்.

அம்மாவின் கேள்விகள் நான்கு. மண் செத்துவிட்டதா? மேல்காட்டை வெட்டலாமா? அவகாடோ போட்டால் மண் தப்புமா? பழையபடி சும்மா விட்டால், "தரிசு" என்று சொல்லி நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்களா?

பதில்

அம்மா, வணக்கம். எண்களோடு எழுதியிருக்கிறீர்கள், அதனால் கணக்குப் போட்டே பதில் சொல்ல முடிகிறது.

மேல்காட்டை வெட்டாதீர்கள். காரணம் பிறகு சொல்கிறேன். தரகர் சீக்கிரம் பதில் கேட்பார் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மண் சாகவில்லை. மேல்மண் ஓடிக்கொண்டிருக்கிறது, மிச்சமிருப்பது புளித்துப்போயிருக்கிறது. இரண்டும் வேறு வேறு நோய், வைத்தியமும் வேறு. யூரியா இரண்டில் எதற்கும் மருந்து ஆகாது. மூன்று மூட்டை என்றால் 150 கிலோ, அதில் தழைச்சத்து (நைட்ரஜன்) 69 கிலோ. ஐந்நூற்றைம்பது வீசை மணி, அதாவது ஏறத்தாழ 900 கிலோ, தன்னோடு எடுத்துப்போவது 13, 14 கிலோதான். தட்டையில் நிற்பதைச் சேர்த்தாலும் 25 கிலோ தேறாது. மீதி 40 கிலோவுக்கு மேல் மழையோடு போயிருக்கிறது, அல்லது காற்றில் கலந்திருக்கிறது. அதோடு யூரியா வருடா வருடம் மண்ணின் புளிப்பைக் கூட்டும். ஷான் மேட்டுநிலச் செம்மண் இயல்பிலேயே புளிப்புள்ளது. புளிப்பைக் காட்டும் அளவான பி.எச். 5.5-க்குக் கீழே இறங்கினால் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர்நுனியைக் கருக்கும். மணிச்சத்தை (பாஸ்பரஸ்) இரும்பும் அலுமினியமும் பிடித்துவைத்துக்கொள்ளும். வேர் குட்டையானால், பக்கத்தில் கிடக்கும் உரத்தைக்கூடச் செடியால் எட்ட முடியாது. நீங்கள் கடன் வாங்கிப் போடும் மூன்றாவது மூட்டை பயிருக்குப் போகவில்லை, வட்டி மட்டும் உங்களுக்கு.

நிலம் எப்போது தேய்ந்தது?

"மக்காச்சோளம் மண்ணைத் தின்றுவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். ஊரிலும் அப்படித்தான் பேசுவார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். அக்டோபர், நவம்பரில் அறுவடை. மார்ச்சில் தட்டையைக் கொளுத்துகிறீர்கள். ஏப்ரலில் களைக்கொல்லி தெளித்து மேலிருந்து கீழாக உழுகிறீர்கள். மே மாதம் இடியோடு மழை இறங்குகிறது. சோளத்தின் இலை தரையை மூட விதைத்து ஆறேழு வாரம் ஆகும். ஆக, வருடத்தின் முரட்டு மழை விழும் நேரத்தில் தரையில் சருகு இல்லை, புல் இல்லை, வேரும் இல்லை. வருட மண் நஷ்டத்தில் பெரும்பங்கு அந்த வாரங்களில்தான் நடக்கிறது. போதாததற்கு உழவுசால் ஒவ்வொன்றும் மேலிருந்து கீழே ஒரு வாய்க்கால்.

மாமனார் காலத்திலும் கொளுத்தினார்கள், அதுவும் வெறுந்தரைதான். ஆனால் அது எட்டொன்பது வருடத்தில் இரண்டு மழைக்காலம் மட்டும். மீதி வருடங்களில் புதர் மூடி, சருகு விழுந்து, வேர் ஊடுருவி மண் தேறிக்கொண்டது. இப்போது எட்டு வருடத்தில் எட்டு மழைக்காலமும் வெறுந்தரை. முதல் வருடம் வந்த ஆயிரம் வீசை வீரிய விதையின் சாமர்த்தியம் மட்டும் என்று நினைக்காதீர்கள். பழைய ஓய்வுக்காலம் சேர்த்துவைத்த மக்கும் சாம்பலும் அதில் பாதி.

மேல்மண்ணின் கணக்கு எளிது. ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டர் மண் போனால் நான்கு கனமீட்டர், எடையில் ஏறத்தாழ 5 டன். ஒரு சென்டிமீட்டர் போனால் 50 டன். கண்ணுக்குத் தெரியும் ஓடையைவிட, சரிவு முழுக்கத் தாள் உரிவதுபோல் மெல்லியதாகக் கழுவிப்போகும் மண்தான் பெரும்பாலும் அதிகம். உங்கள் நிலத்தில் எவ்வளவு என்று நீங்களே அளக்கலாம். முழ நீள மூங்கில் முளைகள் இருபதை மே முதல் வாரத்தில் சரிவில் பரவலாக அடியுங்கள். ஒவ்வொன்றும் சரியாக 10 சென்டிமீட்டர் வெளியே தெரியட்டும். அக்டோபரில் அளந்து பாருங்கள். சராசரி 11 ஆகியிருந்தால் ஏக்கருக்கு 50 டன் போயிற்று என்று பொருள்.

இது உங்கள் நிலத்தில் மட்டும் நடப்பதில்லை. தீவனச் சோளத்துக்கு விலை வந்தபிறகு தென் ஷான் சரிவுகள் பலவற்றில் ஓய்வுக்காலம் சுருங்கி, பிறகு மறைந்தேபோயிற்று. உங்கள் பக்கத்துக் கலாவ் ஓடை இன்லே ஏரியில் விழுகிறது. ஏரி தூர்ந்து ஆழம் குறைவதற்கு மேட்டிலிருந்து வரும் இந்த வண்டலும் ஒரு காரணம். கீழ்வயல்காரர் பேசுவது உங்களுக்குக் கசப்பாக இருக்கலாம். அவர் வயலில் கிடப்பது உங்கள் மண்தான்.

மேல்காடு

வெட்டினால் தரகர் சொல்லும் புது மண் கிடைக்கத்தான் செய்யும். இரண்டு, மூன்று அறுவடை நன்றாக இருக்கும். அதற்குள் உச்சியில் இன்று நிலத்துக்குள் இறங்கும் மழைநீர் மேலோட்டமாகப் புரண்டு வந்து நடுச்சரிவில் பாயும். இடுப்பளவு ஓடை ஆளுயரம் ஆகும். கோடையில் கீழே ஊற்றோ கிணறோ இருந்தால் அதிலும் நீர் குறையலாம்.

சட்டச் சிக்கலும் உண்டு. விவசாய நிலத்தைப் பயிரிடும் உரிமைக்கான சான்று, படிவம் 7, உங்களிடம் இருக்கிறது என்கிறீர்கள். அதனோடுள்ள வரைபடத்தில் அந்த ஒன்றரை ஏக்கர் அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பல குடும்பங்களில் பயிரிட்ட பகுதிக்கு மட்டும் படிவம் இருக்கும், மேல்காடு "நம்முடையது" என்பது வாய்வழக்காகவே இருக்கும். படிவத்துக்கு வெளியே இருந்தால் அது வனத்துறை நிலமாக இருக்கலாம், அல்லது 2012-ஆம் ஆண்டின் காலி, தரிசு, கன்னிநிலச் சட்டத்தின் கீழ் வரலாம். அந்தச் சட்டத்தின் 2018 திருத்தப்படி அனுமதியில்லாமல் அப்படிப்பட்ட நிலத்தைப் பயன்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் கியாட் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். வழக்கு வந்தால் தரகர் மேல் வராது.

அவகாடோ பற்றி மகனுக்கு

மரம் நட்டால் மண் தானாக நின்றுவிடும் என்பது படித்தவர்களிடமும் இருக்கும் தவறான எண்ணம். மண்ணைக் காப்பது மரத்தடியில் கிடக்கும் சருகும் புல்லும். அடியைச் சுத்தமாகக் கொத்தி வைத்த தோட்டத்தில், இலைநுனியில் சேர்ந்து விழும் பெரிய துளி வெறுந்தரையை இன்னும் பலமாக அடிக்கும். எட்டு மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 63 மரம் வரும். ஒட்டுக்கன்று காய்க்க மூன்று, நான்கு வருடம் ஆகும். அதுவரை நடுவில் என்ன இருக்கப்போகிறது? அதற்கு மகனிடம் பதில் இல்லையென்றால் இந்தத் திட்டம் வேண்டாம். அவகாடோ வேர் நீர்தேக்கத்தைத் தாங்காது, வேரழுகல் வந்து மரம் நின்றபடியே காயும். எனவே அடியிலுள்ள ஈரமான சமதரைக்கு அது ஆகாது. நடுச்சரிவில் மண் ஆழமாக இருக்கும் இடம் ஒரு ஏக்கர் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கன்றின் கீழ்ப்பக்கம் பிறை வடிவில் வரப்பு கட்டுங்கள். புல்லைக் கொத்தாமல் அறுத்து அங்கேயே போடுங்கள்.

இஞ்சி போடலாமா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். சரிவில் கூடவே கூடாது. நடும்போது ஆழக் கொத்தி, எடுக்கும்போது மறுபடி நிலத்தைப் புரட்டிப்போடும் பயிர் அது. வாடல்நோய் வந்துவிட்டால் அந்த இடத்தில் பல வருடம் திரும்பவும் போட முடியாது.

"தரிசு" பயம்

உங்கள் பயத்துக்கு அடிப்படை இருக்கிறது. நாட்டின் நிலம் அனைத்துக்கும் இறுதி உடைமையாளர் அரசு என்று 2008 அரசியல் சாசனம் சொல்கிறது. படிவம் 7 தருவது பயிரிடும் உரிமை. அதை விற்கலாம், அடகு வைக்கலாம், குத்தகைக்கு விடலாம், வாரிசுக்கும் போகும். ஆனால் 2012 விவசாய நிலச் சட்டம் போடும் நிபந்தனைகளில் தகுந்த காரணமின்றித் தரிசாக விடக்கூடாது என்பதும் ஒன்று. வழக்கமான பயிர்வகையை அனுமதியின்றி மாற்றக்கூடாது என்பது இன்னொன்று. மண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்றால் சட்டம் அதைச் சந்தேகத்தோடு பார்க்கிறது. மலைநிலத்தை அறியாதவர்கள் சமவெளியை நினைத்து எழுதிய விதி என்பது என் கருத்து.

இதற்கு வழி, பயிர் வடிவிலேயே ஓய்வு கொடுப்பது. செங்குத்தான ஒரு ஏக்கரில் துவரை விதைத்து இரண்டு வருடம் விட்டால், பார்ப்பவர் கண்ணுக்கு அது பயிர். காயும் விற்கலாம். நிலத்துக்கோ ஆழவேரும் சருகும் தழைச்சத்தும் கிடைக்கும், உழவும் இல்லை. ஏக்கருக்கு 5, 6 கிலோ விதை போதும். உறைபனி பள்ளத்தில்தான் தங்கும், சரிவில் துவரை பெரும்பாலும் தப்பும். அவகாடோவுக்கோ தனப்பேக்கோ போவதற்கு முன், படிவத்தில் நிலவகை "யா" என்ற புஞ்சையா, தோட்டமா என்று பாருங்கள். புஞ்சை என்றால் கிராமப்பகுதி விவசாய நில நிர்வாகக் குழுவிடம் எழுத்தில் கேட்டு, மனுவின் நகலை வைத்துக்கொண்டு நடுங்கள். அலுவலகங்கள் ஒழுங்காக இயங்காத காலம்தான். மனு கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிவைத்தால் அதுவும் ஒரு பிடி.

இதைவிட அவசரமான ஒன்று கடிதத்தின் கடைசி வரியில் இருக்கிறது. படிவம் இன்னும் மாமனார் பெயரில். பெயர் மாற்றாதவரை கொழுந்தனார், நீங்கள், மகன் யாருக்கும் தாளில் உரிமை தெளிவாக இல்லை. விவசாய நில உரிமை கோருபவர் குடிமகனாக இருக்கவேண்டும் என்பது சட்டம். நம் தமிழர்களில் எத்தனையோ பேருக்குக் குடியுரிமை அட்டை விஷயம் இழுபறி, எனவே யார் அட்டை எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பங்கு எவ்வளவு என்பதை வாரிசு வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர்தான் சொல்லவேண்டும். மண்ணைப் பார்க்கிறவன் அதில் தலையிடுவது சரியல்ல.

இந்த வருடம் செய்யவேண்டியது

எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் மாற்றாதீர்கள், கடன் இருக்கிறது. நடுச்சரிவின் மூன்று ஏக்கரில் ஒன்று துவரைக்கு, ஒன்று அவகாடோவுக்கு, ஒன்று சோளத்துக்கே இருக்கட்டும். சோளத்தைத் திருத்திப் போட்டால் செலவு குறையும்.

மார்ச்: தட்டையைக் கொளுத்த விடாதீர்கள். சரிவுக்குக் குறுக்கே வரிசையாகப் படுக்க வையுங்கள். சண்டை வந்தால் இதற்காகப் போடுங்கள், மற்றவற்றில் விட்டுக்கொடுக்கலாம்.

ஓடை: முதலில், அதன் தலைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மழையில் குடையோடு போய்ப் பாருங்கள். பெரும்பாலும் வண்டித்தடமோ ஒற்றையடிப் பாதையோதான் காரணமாக இருக்கும். அந்த நீரை மேலேயே மறித்து, 60 சென்டிமீட்டர் அகலம், 40 ஆழத்தில் குறுக்குவாய்க்கால் வெட்டி, கல்லும் மரமும் உள்ள இயற்கை ஓடையில் விடுங்கள். வாட்டம் பத்து மீட்டருக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் போதும். கூடினால் வாய்க்காலே புது ஓடையாகிவிடும். கீழ்வயல் பக்கம் திருப்பிவிடாதீர்கள். பிறகு ஓடைக்குள் கல்லோ கிளைக்கட்டோ வைத்துத் தடுப்புகள் கட்டுங்கள். கீழ்த் தடுப்பின் தலை, மேல் தடுப்பின் காலுக்குச் சமமட்டத்தில் வரவேண்டும். இரு கரைக்குள்ளும் அரை மீட்டர் புதைக்கவேண்டும். நடு தாழ்ந்தும் ஓரம் உயர்ந்தும் இருக்கவேண்டும். தட்டையாகக் கட்டுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. தண்ணீர் ஓரத்தை அறுத்து, தடுப்பு நடுவில் தனியாக நிற்கும்.

சமமட்ட வரி: இரண்டு மீட்டர்க் கம்பு இரண்டை உச்சியில் சேர்த்து, A எழுத்துபோல் கால் விரித்துக் கட்டி, குறுக்கே ஒரு கம்பு வைத்து, உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிடுங்கள். நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தைக் குறியுங்கள். கால்களை இடம் மாற்றி மறுபடி குறியுங்கள். இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். இதை நடத்திக்கொண்டே போய் முளை அடித்தால், சரிவுக்குக் குறுக்கே ஒரே உயரத்தில் போகும் சமமட்ட வரி கிடைக்கும். உங்கள் சரிவு மீட்டருக்கு 20 சென்டிமீட்டர் இறங்குகிறது என்று எழுதியிருப்பதால், ஏழரை மீட்டருக்கு ஒரு வரி சரியாக இருக்கும். மே மாத முதல் மழையில் அந்த வரியில் வெட்டிவேர் நடுங்கள். மூன்று தூர் சேர்ந்த நாற்று, தலையை ஒரு சாண் விட்டு வெட்டியது, 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளி. நடுவில் ஒரு நாற்று செத்தாலும் அந்த வாசலில்தான் தண்ணீர் எல்லாம் பாயும், எனவே ஜூனில் செத்த இடத்தில் மறுநாற்று நட மறக்காதீர்கள். மர நிழலில் வெட்டிவேர் நிற்காது. மாட்டுக்குத் தீவனம் வேண்டும் என்றால் நேப்பியர் புல் நடலாம், ஆனால் அது பக்கத்துச் சோளவரிசையைக் குட்டையாக்கும்.

எந்திரம் வைத்துப் படிக்கட்டு வெட்ட ஆள் வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மேல்மண் அடியிலும் அடிமண் மேலுமாகப் போகும். கனமழையில் படியே சரியும்.

சுண்ணாம்பு: நிலம் முழுக்கப் பதினைந்து இடத்தில் ஒரு சாண் ஆழ மண் எடுத்துக் கலந்து, பி.எச். பார்க்கக் கொடுங்கள். முடிவு வருவதற்குள் கால் ஏக்கரில் மட்டும், சூளையில் வாங்கி நீற்றிய சுண்ணாம்பு 150 கிலோ தூவி, மண்ணோடு லேசாகக் கிளறிவிடுங்கள், விதைப்புக்கு ஒரு மாதம் முன்பு. யூரியாவோடு சேர்த்துப் போட்டால் தழைச்சத்து வாயுவாகப் பறந்துவிடும். கையில் உறையும் கண்ணில் பாதுகாப்பும் தேவை.

விதைப்பு: உழாமல், கம்பால் குழிபோட்டு, சமமட்ட வரிக்கு இணையாக விதையுங்கள். யூரியா ஒரு மூட்டைக்கு மேல் வேண்டாம். அதையும் இரண்டாகப் பிரித்து, விதைத்த நான்காவது, ஏழாவது வாரத்தில் செடியருகே குழியில் வைத்து மூடுங்கள். நான்காவது வாரமே வரிசைக்கு நடுவில் அவரை, ஏக்கருக்கு 8 கிலோ, விதைத்துவிடுங்கள். சோளம் ஒடித்தபிறகு அது தரையை மூடி பிப்ரவரி வரை நிற்கும். முன்னதாக விதைத்தால் சோளத்தின் மேல் ஏறி அதை அமுக்கிவிடும்.

முதல் வருடம் சோளவிளைச்சல் கூடாமலும் போகலாம். உரக்கடன் பாதிக்கு மேல் குறையும், வட்டியும் அதோடு குறையும். கொழுந்தனாரிடம் இந்தக் கணக்கைப் பேசுங்கள், மண்வளத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். கீழ்வயல்காரருக்கு, தடுப்பு கட்டும் நாளில் சொல்லி அனுப்புங்கள். அவரும் ஒரு கை கல் சுமந்தால் வழக்குக்குப் போகாது.

அக்டோபரில் இருபது முளைகளின் அளவையும், சுண்ணாம்பு போட்ட கால் ஏக்கரின் விளைச்சலைத் தனியாக நிறுத்த எடையையும் எழுதி அனுப்புங்கள். மீதி நிலத்துக்கு எவ்வளவு சுண்ணாம்பு, வரிகளை நெருக்க வேண்டுமா என்பதை அப்போது சொல்கிறேன்.